குலுக்கல் சொன்ன விடை: மாசசூசெட்ஸ் சார்ட்டர் பள்ளிகள் ஏன் வளர்ந்தன, ஏன் நின்றன?

2016 நவம்பர் 8. டிரம்பா ஹிலாரியா என்று அமெரிக்காவே பார்த்துக்கொண்டிருந்த அன்று, மாசசூசெட்ஸ் மாநில மக்கள் அதே வாக்குச்சீட்டில் இன்னொரு கேள்விக்கும் பதில் சொன்னார்கள். ஆண்டுக்கு 12 சார்ட்டர் பள்ளிகள் வரை புதிதாகத் திறக்கவோ, இருப்பவற்றைப் பெரிதாக்கவோ அனுமதிக்கலாமா? 'கேள்வி 2' என்று அதற்குப் பெயர். நூற்றுக்கு 62 பேர் வேண்டாம் என்றார்கள். மாநிலத்தின் 351 ஊர்களில் 'ஆம்' சொன்னவை மிகச் சில. பாஸ்டன் நகரமும் வேண்டாம் என்றே சொன்னது.

இதில் விசித்திரம் என்னவென்றால், அமெரிக்காவில் எந்த ஊர்ச் சார்ட்டர் பள்ளிகள் நன்றாக நடக்கின்றன என்று கல்வி ஆய்வாளர்களைக் கேட்டால் முதலில் வரும் பெயர்களில் ஒன்று பாஸ்டன். அதுவும் யாரோ விளம்பரத்துக்காகச் சொன்னதல்ல; எம்ஐடி, ஹார்வர்டு பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அளந்து சொன்னது. அப்படியிருந்தும் மக்கள் போதும் என்றார்கள். ஆய்வை நம்பாததால் அல்ல என்பதே என் எண்ணம். ஆய்வு பதில் சொன்ன கேள்வி ஒன்று; மக்கள் முன்னால் வந்து நின்ற கேள்வி வேறொன்று. அந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் இந்த முப்பது ஆண்டுக் கதை புரியும்.

முதலில், சார்ட்டர் பள்ளி என்றால் என்ன? தனியார் பள்ளி இல்லை. கட்டணம் கிடையாது, நுழைவுத்தேர்வு கிடையாது, மதபோதனை கூடாது. செலவு வரிப்பணத்திலிருந்து வருகிறது. ஆனால் ஊரின் பள்ளி நிர்வாகத்துக்கு அது கட்டுப்பட்டதல்ல. ஆசிரியர்களோ பெற்றோரோ ஒரு தொண்டு நிறுவனமோ சேர்ந்து, 'இப்படி ஒரு பள்ளி நடத்த விரும்புகிறோம்' என்று மாநிலக் கல்வி வாரியத்திடம் விண்ணப்பிக்கிறார்கள். வாரியம் ஒப்புக்கொண்டால் ஐந்து ஆண்டுக்கு உரிமம். சார்ட்டர், அதாவது சாசனம் என்ற பெயர் அந்த உரிமத்தைத்தான் குறிக்கிறது. பாடவேளை எவ்வளவு, யாரை ஆசிரியராக வைப்பது, பணத்தை எப்படிச் செலவழிப்பது எல்லாம் பள்ளியின் முடிவு. ஐந்து ஆண்டு கழித்து வாரியம் வந்து பார்க்கும். சொன்னதைச் செய்யவில்லை என்றால் உரிமம் போகும், பள்ளி மூடப்படும். நம்மூர் அரசு உதவி பெறும் பள்ளியை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்: நடத்துவது வேறு கை, சம்பளம் அரசுப் பணம். மூடப்படும் என்ற அச்சம்தான் மீதிப் பாதி.

இந்தச் சொல்லைக் கல்வியில் முதலில் பயன்படுத்தியவர் ரே பட், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகப் பேராசிரியர். 1988இல் அதை நாடெங்கும் பேசவைத்தவர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர். ஆம், ஆசிரியர் சங்கத் தலைவர்தான். ஆசிரியர்களே புதிய முறைகளைச் சோதித்துப் பார்க்கும் இடமாக அவர் இதைக் கனவு கண்டார். பின்னாளில் இந்த இயக்கம் போன திசை பிடிக்காமல் அவரே விமர்சகராக மாறினார். சட்டமாக இதை முதலில் கொண்டுவந்தது 1991இல் மினசோட்டா.

1993: ஒரே வாரத்தில் தீர்ப்பும் சட்டமும்

மாசசூசெட்ஸ் சாதாரண மாநிலம் அல்ல. அமெரிக்காவில் அரசுப் பள்ளி என்ற எண்ணம் வேர்விட்ட மண் அது. பாஸ்டன் லத்தீன் பள்ளி 1635இல் தொடங்கியது. எல்லாக் குழந்தைக்கும் பொதுச் செலவில் பள்ளி வேண்டும் என்று வாதாடிய ஹொரேஸ் மான், 1837இல் அந்த மாநிலத்துக் கல்வி வாரியத்தின் முதல் செயலாளர் ஆனவர். ஆனால் 1990களின் தொடக்கத்தில் நிலைமை வேறு. பள்ளிக்கான பணம் பெரும்பாலும் அந்தந்த ஊரின் சொத்துவரியிலிருந்து வந்ததால், பணக்கார ஊர்ப் பிள்ளைக்கு நல்ல பள்ளி, ஏழை ஊர்ப் பிள்ளைக்கு ஒழுகும் கூரை. 1993 ஜூன் 15 அன்று மாநில உச்ச நீதிமன்றம், எல்லாப் பிள்ளைக்கும் கல்வி தருவது அரசின் அரசியல் சாசனக் கடமை, அது நிறைவேறவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. மூன்றே நாளில், ஜூன் 18 அன்று, ஆளுநர் வில்லியம் வெல்ட் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டம் ஒரு கொடுக்கல் வாங்கல். ஏழை ஊர்களுக்கு மாநிலம் நிறையப் பணம் தரும். பதிலுக்கு எம்காஸ் என்ற மாநிலத் தேர்வு வரும். பள்ளிகள் கணக்குக் காட்ட வேண்டும். அந்தப் பொட்டலத்துக்குள் சிறியதாக வைக்கப்பட்டதுதான் சார்ட்டர் பள்ளி. மாநிலம் முழுவதற்கும் 25 பள்ளி என்று வரம்பு. முதல் பள்ளிகள் 1995இல் திறந்தன.

வரம்பு மெல்ல மெல்ல உயர்ந்தது. 1997இல் 50. 2000இல் 120, அதில் 72 முழுத் தன்னாட்சி உள்ள காமன்வெல்த் சார்ட்டர். 48 ஹொரேஸ் மான் பெயரிலான இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகை ஊர் நிர்வாகத்தின் ஒப்புதலோடு, ஆசிரியர்கள் சங்கத்திலேயே இருந்தபடி நடப்பது. ஆனால் உண்மையில் கையைக் கட்டியது இந்த எண்ணிக்கை அல்ல, வேறொரு வரம்பு: ஓர் ஊரின் பள்ளிச் செலவில் 9 சதவீதத்துக்கு மேல் சார்ட்டர் பள்ளிகளுக்குப் போகக் கூடாது. பாஸ்டன் போன்ற நகரங்கள் அந்த விளிம்பை எட்டி நின்றன.

இன்றைக்கு மாநிலத்தில் 70க்கு மேற்பட்ட சார்ட்டர் பள்ளிகள். ஏறத்தாழ 45,000 பிள்ளைகள். மொத்த அரசுப் பள்ளி மாணவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். இவ்வளவு சண்டையும் அந்த ஐந்து பேரைச் சுற்றி.

குலுக்கல் ஏன் முக்கியம்

ஒரு பள்ளி நல்ல பள்ளியா என்று கண்டுபிடிப்பது பார்ப்பதைவிடக் கடினம். சார்ட்டர் பள்ளியில் மதிப்பெண் அதிகம் என்று சொன்னால், 'அக்கறையுள்ள பெற்றோர் தேடிப்போய்ச் சேர்க்கிறார்கள், அவர்கள் பிள்ளை எங்கே படித்தாலும் தேறும்' என்று உடனே பதில் வரும். நியாயமான பதில். நாமும் நல்ல பெயர் வாங்கிய பள்ளிகளைப் பற்றி இதையே கேட்கிறோம்: பள்ளி பிள்ளையை உயர்த்துகிறதா, உயர்ந்த பிள்ளையை எடுத்துக்கொள்கிறதா?

மாசசூசெட்ஸ் சட்டத்தில் இருந்த ஒரு விதி இந்த முடிச்சை அவிழ்த்தது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் வந்தால் குலுக்கல் போட வேண்டும். அண்ணன், அக்கா அதே பள்ளியில் படித்தால் முன்னுரிமை உண்டு, உள்ளூர்ப் பிள்ளைக்கு முன்னுரிமை உண்டு. அதற்கு மேல் பெயர் வந்த வரிசைதான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 25 சதவீத இடத்துக்கு நம்மூர் தனியார் பள்ளிகளில் குலுக்கல் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த அறை எப்படி இருக்கும் என்று தெரியும். ஒரே தெரு, ஒரே வருமானம், ஒரே அக்கறையோடு விண்ணப்பம் போட்ட இரண்டு அம்மாக்கள். ஒருத்தியின் பிள்ளை பெயர் வருகிறது. இன்னொருத்திக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஓர் எண் கிடைக்கிறது.

அந்த இரண்டு அம்மாக்களுக்கும் நடுவில் வித்தியாசம் அதிர்ஷ்டம் மட்டுமே. அப்படியானால் நான்கைந்து ஆண்டு கழித்து, குலுக்கலில் வென்ற பிள்ளைகளையும் தோற்ற பிள்ளைகளையும் ஒப்பிட்டால் வரும் வேறுபாடு பள்ளியால் வந்தது. பெற்றோரின் அக்கறையை இரண்டு பக்கமும் சமமாகக் கழித்துவிடுகிறோம். புதிய மருந்தைச் சோதிக்கும் முறையும் இதுவே. ஜாஷுவா ஆங்கிரிஸ்ட், பராக் பாதக், தாமஸ் கேன், சூசன் டைனார்ஸ்கி, அதிலா அப்துல்காதிரோலு ஆகியோர் பாஸ்டன் பள்ளிகளின் பழைய குலுக்கல் பட்டியல்களைத் தேடி எடுத்து, மாநிலத் தேர்வு மதிப்பெண்களோடு பொருத்தினார்கள். 2009இல் முதல் அறிக்கை வந்தது. ஆங்கிரிஸ்ட் 2021இல் பொருளாதார நோபல் பெற்றவர்களில் ஒருவர். தானாக அமையும் இத்தகைய சோதனைகளிலிருந்து காரணத்தைக் கண்டறியும் முறைகளுக்காகத்தான் அந்தப் பரிசு.

விடை பெரியது. நடுநிலைப் பள்ளி வகுப்புகளில் பாஸ்டன் சார்ட்டர் பள்ளியில் ஓர் ஆண்டு படித்தால் கணக்கில் ஏறத்தாழ 0.4 திட்ட விலக்கம் அளவு முன்னேற்றம். ஆங்கிலத்தில் அதில் பாதியளவு. புள்ளியியல் மொழியை விட்டுவிட்டுச் சொன்னால்: நூறு பிள்ளைகளைக் கடைசியிலிருந்து வரிசையாக நிறுத்தி, சரியாக நடுவில் 50ஆவது இடத்தில் நிற்கும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை ஒரே ஆண்டில் 65ஆவது இடத்துக்கு நகர்கிறது. கல்வி ஆய்வில் இதில் நாலில் ஒரு பங்கு கிடைத்தாலே கொண்டாடுவார்கள். ஸ்டான்ஃபோர்டின் கிரீடோ ஆய்வு மையம் 2013இல் வேறு முறையில் அளந்தது. அதுவும் பாஸ்டன் சார்ட்டர் பிள்ளைகள் ஓர் ஆண்டில் வாசிப்பில் 12 மாதம், கணக்கில் 13 மாதம் கூடுதலாகக் கற்றதற்குச் சமம் என்றது. ஓர் ஆண்டில் இரண்டு ஆண்டுப் படிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே 2009 அறிக்கை இன்னொரு வகைப் பள்ளியையும் அளந்தது. சார்ட்டருக்குப் போட்டியாக, பாஸ்டன் நகரமும் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து உருவாக்கிய பைலட் பள்ளிகள். அவற்றுக்கும் பாடத்திட்டத்திலும் பணத்திலும் நிறையச் சுதந்திரம் உண்டு. ஆனால் குலுக்கல் ஒப்பீட்டில் அங்கே குறிப்பிடும்படியான முன்னேற்றம் தெரியவில்லை. வெறும் சுதந்திரம் கொடுத்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மேல்மாடியில் தங்கிய ஆசான்கள்

அப்படி அந்தப் பள்ளிகளில் என்னதான் நடந்தது? ஒன்றை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம். பாஸ்டனின் காமன்வெல்த் அவென்யூவில், கார் உதிரிபாகக் கடையாக இருந்த ஒரு கட்டடத்தில் இயங்கியது மேட்ச் என்ற உயர்நிலைப் பள்ளி. 2000இல் தொடங்கியது. கல்லூரியை அப்போதுதான் முடித்த இளைஞர்களை ஓராண்டுக்கு அழைத்துவந்தார்கள். சம்பளம் மிகக் குறைவு. ஆனால் அதே கட்டடத்தின் மேல்மாடியிலேயே தங்க இடம். அவர்கள் வேலை, ஒரு சில மாணவர்களைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, ஒருவருக்கு ஒருவர் அல்லது ஒருவருக்கு இருவர் என்று தினமும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது. டியூஷன்தான். ஆனால் பள்ளி நேரத்துக்குள்ளேயே, பள்ளிச் செலவிலேயே, பின்தங்கிய பிள்ளைக்கே முதலில். வீட்டுக்குப் போன் போட்டுப் பேசுவதும் அந்த இளைஞர்தான். இந்த முறை பிறகு சாகா என்ற அமைப்பாகப் பிரிந்து சிகாகோ அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போனது. அங்கேயும் சோதனையில் கணக்கு மதிப்பெண் நன்றாக உயர்ந்தது. டியூஷனுக்குப் பெற்றோர் கடன் வாங்கும் நாட்டிலிருந்து இதைப் படிக்கும்போது எனக்கு மனம் கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

மேட்ச் மட்டும் இப்படி என்றில்லை. முன்னணியில் நின்ற பாஸ்டன் பள்ளிகள் பலவற்றில் நீண்ட பள்ளி நாள், அதிக நாட்கள், சீருடை, இறுக்கமான ஒழுங்கு, ஆசிரியர் வகுப்பை அடிக்கடி வந்து பார்த்துத் திருத்துவது, தேர்வுத் தாளை வாரம்தோறும் அலசுவது என்று ஒரே சாயல் இருந்தது. இதற்கு 'நோ எக்ஸ்க்யூசஸ்' என்று பெயர். சாக்குப்போக்கு வேண்டாம் என்று பொருள். பாஸ்டனுக்கு வடக்கே லின் நகரில் இருந்த கிப் என்ற சார்ட்டர் பள்ளியைத் தனியாக ஆராய்ந்தபோது, ஆங்கிலம் சரியாகத் தெரியாத பிள்ளைகளும் சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளும்தான் அதிகமாக முன்னேறியது தெரியவந்தது. கெட்டிக்காரப் பிள்ளையை மட்டும் பொறுக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அது நேரான பதில்.

இதைவிடச் சுவையானது கேவின் பள்ளி கதை. தெற்கு பாஸ்டனில் தத்தளித்துக்கொண்டிருந்த கேவின் நடுநிலைப் பள்ளியை மூடி, 2011இல் அதே இடத்தில் யூபி அகாடமி என்ற ஹொரேஸ் மான் வகைச் சார்ட்டர் பள்ளியைத் திறந்தார்கள். ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அப்படியே இடம். அவர்கள் யாரும் விண்ணப்பம் போடவில்லை, குலுக்கலில் நிற்கவில்லை. அவர்களுக்கும் மதிப்பெண் உயர்ந்தது. தேடிப்போகும் குடும்பத்துக்கு மட்டுமே இது பலிக்கும் என்ற சந்தேகத்தை அந்தப் பிள்ளைகள் தளர்த்தினார்கள்.

இப்போது மறுபக்கம். மேலே சொன்னது அத்தனையும் பெருநகரம். அதே ஆய்வாளர்கள் நகரத்துக்கு வெளியே உள்ள சார்ட்டர் பள்ளிகளையும் அதே குலுக்கல் முறையில் அளந்தார்கள். அங்கே முன்னேற்றம் இல்லை; சராசரியாகப் பார்த்தால் மதிப்பெண் சற்று இறங்கியே இருந்தது. புறநகர்ச் சார்ட்டர்கள் பல கலை, இயற்கை, செயல்வழிக் கற்றல் என்று வேறு நோக்கத்தோடு தொடங்கப்பட்டவை. மேலும் அங்கே ஊர் அரசுப் பள்ளியே நன்றாக இருக்கிறது; அதைத் தோற்கடிப்பது எளிதல்ல. ஆக, 'சார்ட்டர் பள்ளி நல்லதா?' என்ற கேள்விக்கு ஒரே மாநிலத்துக்குள்ளேயே இரண்டு விடை. பெயர்ப்பலகையைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. பாஸ்டன் பக்கம் குடியேறிய நம்மவர்கள், மார்ல்பரோவில் 2005இல் தொடங்கிய கணித அறிவியல் சார்ட்டர் போன்றவற்றின் குலுக்கலுக்கு எண் வருமா என்று காத்திருப்பவர்கள், இந்த வேறுபாட்டை நினைவில் வைப்பது நல்லது: நகரத்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பலனைப் புறநகர்ப் பள்ளிக்கு அப்படியே எடுத்துவைக்க முடியாது.

குலுக்கல் ஆய்வுக்கும் ஓர் எல்லை உண்டு. குலுக்கல் போடும் அளவுக்குக் கூட்டம் வரும் பள்ளியைத்தான் அது அளக்கும். ஆள் வராத பள்ளி, பாதியில் மூடிய பள்ளி கணக்கில் வராது. கடலோர ஊரான குளஸ்டரில் கலையை மையமாகக் கொண்ட ஒரு சார்ட்டர் பள்ளிக்கு 2009இல் அனுமதி தந்தார்கள். ஊரில் கடும் எதிர்ப்பு. அந்த அனுமதியின் பின்னால் அரசியல் கணக்கு இருந்ததைக் காட்டும் அதிகாரிகளின் மின்னஞ்சல் வெளியாகிப் பெரிய சர்ச்சையும் ஆனது. 2010இல் திறந்த பள்ளி 2013 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில், மூடப்பட்டது. பிள்ளைகள் கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வேறு பள்ளி தேட வேண்டியிருந்தது. மோசமான பள்ளி மூடப்படுவதுதான் இந்த ஏற்பாட்டின் பலம் என்று சொல்வது காகிதத்தில் சரி. அந்த ஜனவரியில் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற பிள்ளைக்கு அது பலமாகத் தெரிந்திருக்காது.

ஒழுங்கின் பெயரால் நடந்தவையும் உண்டு. சில பாஸ்டன் சார்ட்டர்களில் பிள்ளைகளை இடைநீக்கம் செய்த விகிதம் மாநிலத்திலேயே மிக அதிகமாக இருந்தது. கண்டனம் எழுந்த பிறகே குறைந்தது. 2017இல் மால்டன் நகரின் மிஸ்டிக் வேலி சார்ட்டர் பள்ளி, கறுப்பின இரட்டைச் சகோதரிகளை, செயற்கை முடி சேர்த்துப் பின்னல் போட்டதற்காகத் தண்டித்தது. அப்போது 15 வயது அவர்களுக்கு. விளையாட்டிலிருந்து விலக்கினார்கள், பள்ளி நடன விழாவுக்கு வரக் கூடாது என்றார்கள். அட்டர்னி ஜெனரல் மௌரா ஹீலி அந்த விதி பாகுபாடு என்று எழுதிய பிறகே பள்ளி அதை நிறுத்தியது. தலைமுடியை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் 2022இல் மாநிலத்துக்கு வந்ததற்கு அந்தப் பின்னல் ஒரு காரணம். மதிப்பெண் உயர்ந்ததையும் இதையும் ஒன்றோடொன்று கழித்துப் பார்க்க முடியாது, இரண்டும் நடந்தவை.

பெருக்கினால் நீர்த்துப்போகுமா?

நல்ல பள்ளி ஒன்று இருக்கலாம். அதைப் பத்தாக்கினால் தரம் போய்விடும் என்பது எல்லோருக்கும் உள்ள அச்சம். அதைச் சோதிக்கவும் மாசசூசெட்ஸ் வாய்ப்புத் தந்தது. ஒபாமா அரசின் 'ரேஸ் டு த டாப்' நிதிக்காக மாநிலங்கள் போட்டியிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், 2010 ஜனவரியில் ஆளுநர் டெவல் பேட்ரிக் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். மிகவும் பின்தங்கிய ஊர்களில் அந்த 9 சதவீத வரம்பு படிப்படியாக 18 ஆனது. ஆனால் ஒரு கண்டிப்பு: கூடுதல் இடங்களை ஏற்கெனவே நிரூபித்தவர்கள்தான் நடத்தலாம். காலியாகும் இடங்களைப் பள்ளிகள் நிரப்ப வேண்டும், சிறப்புக் கல்விப் பிள்ளைகளையும் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளையும் சேர்க்கத் திட்டம் காட்ட வேண்டும் என்ற விதிகளும் கூடவே வந்தன.

அதன்பின் பாஸ்டனில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் சார்ட்டர் பள்ளியில் படிப்போர் 15 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாக, ஐந்தாறு ஆண்டுக்குள் இரட்டிப்பானார்கள். சாரா கோஹோட்ஸ், எலிசபெத் செட்ரன், கிறிஸ்டஃபர் வால்டர்ஸ் மூவரும் புதிய கிளைகளின் குலுக்கல்களை ஆராய்ந்தார்கள். தாய்ப்பள்ளி அளவுக்கே புதிய கிளைகளும் பிள்ளைகளை உயர்த்தின. ஆசிரியர்களில் பலர் புதியவர்கள், இளையவர்கள் என்றபோதும். நீர்த்துப்போகவில்லை. 2016இல் 'ஆம்' பக்கம் நின்றவர்களின் கையில் இவ்வளவு இருந்தது.

பணம்

பிறகு ஏன் தோற்றார்கள்? ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். ஓர் ஊர்ப் பள்ளியில் 20 வகுப்பறை. 25 பிள்ளைகள் சார்ட்டருக்குப் போகிறார்கள். வகுப்புக்கு ஒருவர் அல்லது இருவர் குறைகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையோடும் அவருக்கான தொகையும் ஊரின் மாநில உதவிப் பணத்திலிருந்து சார்ட்டருக்குப் போகிறது. ஆனால் 20 ஆசிரியரும் வேண்டும், பேருந்து அதே வழியில் ஓட வேண்டும், குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் செலவு குறையாது. 25 பேரின் பணம் போய்விட்டது. 25 பேரின் செலவு போகவில்லை.

இதைத் தெரிந்துதான் மாநிலம் ஈடுகட்டும் ஏற்பாடு வைத்தது. 2010 சட்டப்படி முதல் ஆண்டு முழுத்தொகை, அடுத்த ஐந்து ஆண்டு 25 சதவீதம் ஊருக்குத் திரும்பி வர வேண்டும். எழுதியது அப்படி. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு சட்டமன்றம் அதற்கு முழுப் பணம் ஒதுக்கவில்லை. ஊர்களின் கோபத்துக்கு மூலம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஈட்டுத்தொகை ஒழுங்காக வந்திருந்தால் 2016இன் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

மத்தியூ ரிட்லி, கமீல் டெரியே என்ற இரு ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டதில், 2011க்குப் பிந்தைய விரிவாக்கத்தால் ஊர்ப் பள்ளிகளில் ஒரு மாணவருக்கான செலவு குறையவில்லை, கூடவே செய்தது. அங்கே தங்கிய பிள்ளைகளின் மதிப்பெண்ணும் இறங்கவில்லை, சிறிது ஏறியது. ஆனால் இது சராசரி. உங்கள் ஊர்ப் பள்ளியில் இசை ஆசிரியரை எடுத்துவிட்டார்கள் என்று கண்ணால் பார்த்த அம்மாவுக்குச் சராசரி ஒன்றும் சொல்லாது. 200க்கு மேற்பட்ட ஊர்ப் பள்ளிக் குழுக்கள் 'கேள்வி 2'க்கு எதிராகத் தீர்மானம் போட்டன. ஆசிரியர் சங்கம் வீடு வீடாகப் போனது. செனட்டர் எலிசபெத் வாரன், பாஸ்டன் மேயர் மார்ட்டி வால்ஷ் இருவரும் எதிர்த்தார்கள். வால்ஷ் சார்ட்டர் பள்ளிகளுக்கே எதிரி அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். 'ஆம்' பக்கம் ஆளுநர் சார்லி பேக்கர் நின்றார். காத்திருப்போர் பட்டியலில் 32,000 பிள்ளைகள் என்பது அவர்களது முழக்கம். ஒரே பிள்ளை பல பட்டியலில் இருப்பதுபோன்ற குளறுபடிகளால் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது என்று மாநிலத் தணிக்கையாளர் சூசன் பம்ப் 2014இலேயே சொல்லியிருந்தார்.

இரு பக்கமும் சேர்ந்து செலவழித்தது 4 கோடி டாலருக்கு மேல். 'ஆம்' பக்கத்துக்கு நியூயார்க்கைச் சேர்ந்த ஓர் அமைப்பின் வழியாக மட்டும் 1.5 கோடி டாலருக்கு மேல் வந்தது. கொடுத்தவர்களின் பெயர் தெரியாமல் வந்தது. ஃபேமிலிஸ் ஃபார் எக்ஸலண்ட் ஸ்கூல்ஸ் என்ற அந்த அமைப்பு 2017இல் மாநிலத் தேர்தல் நிதிக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு 4,26,466 டாலர் கட்டியது. அந்த அலுவலகத்தின் வரலாற்றில் அதுவரை இல்லாத தொகை. நன்கொடையாளர் பெயர்களையும் வெளியிட வேண்டியதாயிற்று. மறு ஆண்டே அமைப்பு இழுத்து மூடப்பட்டது. ஆனால் வாக்காளர்களுக்கு இந்த விவரம் தெரிந்தது தேர்தலுக்குப் பிறகு. அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், எங்கிருந்தோ வந்த பணம் தங்கள் ஊர்ப் பள்ளியைப் பற்றி ஓயாமல் விளம்பரம் போட்டது மட்டுமே.

இன்னொன்றும் உண்டு. வாக்காளர்களில் பெரும்பாலோர் புறநகர்க்காரர்கள். அவர்கள் ஊரில் சார்ட்டருக்குப் பெரிய தேவையும் இல்லை, பெரிய பலனும் இல்லை என்பதை மேலே பார்த்தோம். தங்கள் பள்ளி அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. அதிலிருந்து பணம் போகலாம் என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? பாஸ்டன் நகரப் பகுதிகளான டார்செஸ்டரிலோ ராக்ஸ்பரியிலோ குலுக்கலில் தோற்ற அம்மாவின் கேள்விக்கு, அவளைப் பார்த்திராத ஊர்கள் வாக்களித்தன. இதை எழுதும்போது எனக்கு வருத்தம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவளுடைய நகரமும் வேண்டாம் என்றதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூடப்படும் பக்கத்துத் தெருப் பள்ளியும் அவர்களுடையதுதான்.

அதற்குப் பிறகு பெரிய அசைவு இல்லை. வரம்பு தங்கள் உரிமையைப் பறிக்கிறது என்று பாஸ்டன் பிள்ளைகள் சிலர் சார்பில் போட்ட வழக்கை 2018இல் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளியது. 2019இல் வந்த மாணவர் வாய்ப்புச் சட்டம் ஏழை ஊர்களுக்கு ஏழு ஆண்டில் 150 கோடி டாலர் கூடுதல் தர உறுதியளித்தது. சார்ட்டர் ஈட்டுத்தொகையையும் மூன்று ஆண்டுக்கு 100, 60, 40 சதவீதம் என்று மாற்றியது. 2023இல் உஸ்டரில் ஒரு புதிய சார்ட்டருக்கு அனுமதி கிடைத்தது. அதுவே பெரிய செய்தி ஆனது. பாஸ்டனில் பிள்ளைகளின் எண்ணிக்கையே குறைந்து வருகிறது. வாடகை கட்ட முடியாமல் குடும்பங்கள் நகரை விட்டுப் போகின்றன. 1993இன் கொடுக்கல் வாங்கலில் எஞ்சியிருந்த எம்காஸ் தேர்வும் இறங்கிவிட்டது: உயர்நிலைப் பள்ளிப் பட்டம் பெற அதில் தேற வேண்டும் என்ற நிபந்தனையை 2024 நவம்பரில் மக்கள் வாக்கெடுத்து நீக்கினார்கள். தேர்வு நடக்கிறது, ஆனால் பிள்ளையின் பள்ளிப் பட்டம் அதில் தொங்கவில்லை.

மதிப்பெண்ணை வைத்துப் பேசியே முப்பது ஆண்டு போயிற்று. 2024இல் சாரா கோஹோட்ஸும் ஆஸ்ட்ரிட் பினேடாவும் பழைய குலுக்கல் பட்டியல்களை மறுபடி எடுத்து, இந்தத் தடவை பிள்ளைகள் கல்லூரிப் பட்டம் வாங்கினார்களா என்று பார்த்தார்கள். நகரச் சார்ட்டர் பிள்ளைகளில் நான்காண்டுக் கல்லூரிக்குப் போய் முடித்தவர்கள் கூடியிருந்தார்கள், எதிர்பார்த்ததுதான். ஆனால் மதிப்பெண்ணை இறக்கியதாக நாம் மேலே பார்த்த அந்தப் புறநகர்ச் சார்ட்டர்களிலும் பட்டம் முடித்தவர்கள் கூடியிருந்தார்கள். தேர்வு ஒன்றைச் சொன்னது, பத்தாண்டு கழித்து வந்த பட்டம் வேறொன்றைச் சொன்னது.

2016இல் வாக்களித்தவர்கள் முன்னால் இந்த இரண்டாவது கணக்கு இல்லை. அந்த ஆண்டு ஆறாம் வகுப்புக்குக் குலுக்கலில் நின்ற பிள்ளைகள் 2023இல் பள்ளியை முடித்தார்கள். அவர்களில் யார் பட்டம் வாங்கினார்கள் என்பது 2027க்குப் பிறகுதான் தெரியத் தொடங்கும்.